பின்பாரம்

செஞ்சியில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று கேட்டால் பாதிப் பேருக்கு வழி சொல்லத் தெரியாது. கமிட்டி என்று கேட்க வேண்டும். நெல்லும் மல்லாட்டையும் வந்து குவிகிற நாட்களில் கமிட்டிக்குப் போகிற சாலையோரம் அரை மணி நேரம் நின்றால், சுற்று வட்டாரத்து பிக்கப் வண்டிகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிடலாம். உள்ளே போகிறபோது வண்டியின் பின்பக்கம் தரையோடு தரையாக அமுங்கி, முகப்பு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூட்டையை இறக்கிவிட்டு வெளியே வருகிறபோது அதே வண்டி முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் தூக்கி, முட்ட வருகிற கடா மாதிரி நிற்கும்.

காலியாக இருக்கும்போது இப்படிக் கடா மாதிரி நிற்கிற வண்டியை எங்கள் ஊரில் "பட்டை ஏத்தின வண்டி" என்பார்கள். அதாவது பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை சேர்த்து, பின்பக்கத்தை உயர்த்திய வண்டி. பத்து வண்டி போனால் நாலைந்து இப்படித்தான் போகிறது. இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சிறு உரிமை உண்டு. 1981-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்து, கழகத்தின் பெயர் மாறிய பிறகும் அங்கேயே இருந்து, 2013-இல் ஓய்வு பெறும் வரை பணிமனையில்தான் வேலை. அதில் பெரும்பகுதி ஸ்பிரிங் செக்‌ஷனில் போயிற்று. பேருந்தின் அடியில் மல்லாந்து படுத்து நான் பார்த்த பட்டைகளை வரிசையாக வைத்தால் திண்டிவனம் வரை வரும் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

எழுத வைத்தது மட்டும் என் தங்கை மகன். பழைய ஒன்றரை டன் பிக்கப் ஒன்றைக் கடனில் வாங்கி ஓட்டுகிறான். முன்பணத்துக்கு என் தங்கை தன் சங்கிலியை அடகு வைத்தாள். மாதத் தவணை 14,200 ரூபாய், இன்னும் மூன்று வருடம் பாக்கி. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் காபியைக் கூடக் குடிக்காமல் கேட்டான்.

"மாமா, பின்னாடி ரொம்ப உக்காருது. பக்கத்துக்கு ரெண்டு பட்டை சேர்த்து, ரெண்டு இஞ்சு கட்டை வெச்சு தூக்கிடலாம்னு இருக்கேன். பதினாலாயிரம் கேக்கறாங்க. செய்யலாமா?"

"என்னா லோடு ஏத்தறே மாப்ளே?"

"முப்பத்தஞ்சு மூட்டை."

நெல் மூட்டை ஒன்று 75 கிலோ. 35 மூட்டை என்றால் 2,625 கிலோ. வண்டிக்கு அனுமதித்த சுமை 1,500 கிலோ, அதாவது சரியாக 20 மூட்டை. கணக்கு அவனுக்கும் தெரியும். "இருபது மூட்டைக்கு மாமா, எந்த வியாபாரியும் வண்டி கூப்பிட மாட்டான்" என்றான். அதுவும் உண்மைதான். அதனால் செய்யாதே என்று உடனே சொல்லவில்லை. வண்டியைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

பார்ப்பதற்கு முன் இந்தப் பட்டை என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் இரண்டு விதமான மாட்டு வண்டிகள் இருந்தன. பாரம் ஏற்றுவதற்குக் கட்டை வண்டி. வசதி உள்ளவர்கள் ஏறிப் போவதற்கு வில்வண்டி. வில்வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் இருந்த இரும்பு வில்லால்தான். லண்டனில் ஒபடையா எலியட் என்ற கோச்சு வண்டிக்காரர் நீள்வட்ட வில்லுக்கு 1804-இல் காப்புரிமை வாங்கினார். அந்த வில்லின் வம்சம்தான் நம் வில்வண்டியில் இருந்ததும், இன்றைக்கு பிக்கப்பின் பின்பக்கம் இருப்பதும். ஆங்கிலத்தில் லீஃப் ஸ்பிரிங், இலை என்கிறார்கள். நாம் வில் என்றோம். நம்முடைய பெயர் பொருத்தம். வளைந்த இரும்பு, பாரம் ஏறினால் நிமிரும், இறங்கினால் திரும்ப வளையும்.

மேலே இருக்கிற நீளமான பட்டை மெயின் பட்டை. அதன் இரண்டு முனையும் சுருட்டிக் கண் மாதிரி இருக்கும். அந்தக் கண் வழியாகத்தான் சேஸிஸோடு பிணைப்பு. முன் கண் நிலையாக நிற்கும். பின் கண் சேக்கிள் என்ற சிறு ஊஞ்சலில் தொங்கும். பட்டை நிமிரும்போது நீளம் கூடுகிறதல்லவா, அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த ஊஞ்சல். மெயின் பட்டைக்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் பட்டைகள். எல்லாவற்றையும் நடுவில் ஒரு சென்டர் போல்ட் குத்திப் பிடிக்கும். அச்சோடு சேர்த்து இறுக்குவது யூ போல்ட். பல வண்டிகளில் அடியில் வளைவே இல்லாமல் தடித்த பட்டை ஒன்றோ இரண்டோ இருக்கும். அது ஹெல்பர். காலி வண்டியில் அதற்கு வேலை இல்லை. பாரம் ஏறி மற்றவை நிமிர்ந்த பிறகுதான் அது கை கொடுக்கும். வண்டியைச் செய்தவர்களே பாரத்தை எதிர்பார்த்து வைத்த ஏற்பாடு அது.

இந்தக் கட்டை உயர்த்துவதற்குப் பட்டறைகளில் நாலு வழி வைத்திருக்கிறார்கள்.

முதல் வழி, பட்டை சேர்ப்பது. உயரமும் கொஞ்சம் கூடும், விறைப்பும் கூடும். அதே கனத்தில் ஒன்று சேர்த்தால் விறைப்பு ஒரு பட்டை அளவுக்குக் கூடும். ஆனால் பெரும்பாலும் லாரியில் கழற்றிய பழைய பட்டையை வெட்டிப் போடுகிறார்கள். அங்கேதான் ஆட்டம். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டை என்றால் கனம் கால் பங்குதான் கூடுதல். விறைப்போ ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார்வைக்கு ஒரு நூல் வித்தியாசம், வண்டிக்கு வேறொரு வண்டி.

இரண்டாவது, இருக்கிற பட்டைகளைக் கழற்றி அடித்து வளைவு ஏற்றுவது. ஸ்பிரிங் இரும்பு சாதாரண இரும்பு அல்ல. சூடாக்கி, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவாகச் சூடு காட்டிப் பதம் ஏற்றிய இரும்பு. சரியான பதம் தெரியாமல் உலையில் வைத்து வளைத்தால் முறுக்கு போய்விடும். சில மாதத்தில் பழையபடி உட்கார்ந்துவிடும், அல்லது ஒருநாள் படக்கென்று ஒடியும்.

மூன்றாவது, அச்சுக்கும் பட்டைக் கட்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போடுவது. இரண்டு அங்குலக் கட்டை வைத்தால் வண்டி இரண்டு அங்குலம் உயரும். தாங்கும் சக்தி ஒரு கிலோ கூடக் கூடாது. காலுக்குக் கீழே பலகை போட்டு நிற்பவனுக்கு உயரம் கூடும், பலம் கூடாது என்பது போல. வண்டி கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். கட்டை உயர உயர அந்த முறுக்கு பட்டையில் அதிகமாக விழும்.

நாலாவது, நீளமான சேக்கிள் போடுவது. இதில் நாலு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது சுமார் இரண்டு அங்குலம்தான், ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது. ஆனால் அச்சின் சாய்வு மாறிப்போகும். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணலில் சுற்ற ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் அடியிலிருந்து ஒரு முனகல் கேட்கும்.

இந்த நாலில் எதுவும் அச்சைத் தடிக்க வைப்பதில்லை. ஹப் பேரிங்கை மாற்றுவதில்லை, டயரைப் பெரிதாக்குவதில்லை, பிரேக்கைக் கூட்டுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மறுநாள் 35 மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தான். கமிட்டிக்குப் போகும் வழியில் எடை மேடைக்கு விடச் சொன்னேன். எல்லாரும் செய்வது போல முழு வண்டியை நிறுத்தி எடை போட்டோம், 4,345 கிலோ. பிறகு முன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கிற மாதிரி நிறுத்தச் சொன்னேன். மேடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முன் சக்கரத்தில் 930 கிலோ. மிச்சம் 3,415 கிலோ பின் அச்சில்.

பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மறுபடி போட்டோம். காலி வண்டி 1,720. முன் அச்சில் 950, பின் அச்சில் 770.

சீட்டில் எழுதி அவன் கையில் கொடுத்தேன். "படிச்சுப் பாரு. ரெண்டே முக்கா டன்னு கிட்ட ஏத்தியிருக்கே. முன்னாடி எவ்ளோ கூடிச்சு?"

அவன் இரண்டு தரம் பார்த்தான். "கூடல மாமா. இருபது கிலோ கொறஞ்சிருக்கு."

பின் கதவைத் திறந்து வைத்து மூட்டையை வெளியே நீட்டி அடுக்குகிறான். பாரத்தின் நடு, பின் அச்சையும் தாண்டிப் பின்னால் போய்விட்டது. அச்சு நடுவில் நின்று தராசு மாதிரி முன்பக்கத்தைத் தூக்குகிறது. ஸ்டீயரிங் சில நேரம் லேசாக இருப்பதை அவன் நல்ல குணம் என்று நினைத்திருந்தான். 4,345 கிலோ வண்டியைத் திருப்புவதற்கு, காலி வண்டியில் இருக்கிற அழுத்தம் கூட முன் சக்கரத்தில் இல்லை.

இது எங்கள் அப்பாவுக்கு எடை மேடை இல்லாமலே தெரியும். அவர் கட்டை வண்டி ஓட்டியவர். பாரம் ஏற்றி முடித்ததும், மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கையில் லேசாக அமுக்க வேண்டும், அதுதான் அளவு. அதிகமாக அமுக்கினால் முன்பாரம், மாட்டின் கழுத்து புண்ணாகும். நுகத்தடி தானாக மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், மேட்டில் ஏறும்போது மாடு தொங்கிவிடும். பின்பாரம் என்றால் இரண்டு மூட்டையை முன்னால் தள்ளுவார், அல்லது இறக்குவார். நம் கோட்டைக்குள் ராஜகிரி அடிவாரத்தில் நிற்கிற பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அதை நிரப்பிய நெல் வண்டியிலோ பொதிமாட்டிலோ வந்திருக்க வேண்டும். வண்டி ஓட்டியவன் ஒவ்வொருவனும் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்திருப்பான். மாடு பேசாது, ஆனால் படுத்துவிடும். அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மோட்டார் வண்டி படுப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பின்பக்கம் அமுங்கிக் காட்டுகிறது. பட்டை ஏற்றுவது என்பது பாரத்தைக் குறைக்காமல் அந்த அமுங்கலை மட்டும் எடுத்துவிடுவது.

டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அவன் வண்டியில் 112 என்று இருந்தது. அது அந்த டயர் தாங்கும் பாரத்துக்கான குறி எண். 112 என்றால் 1,120 கிலோ. பின்னால் இரண்டு டயர், ஆகப் பின் அச்சில் 2,240 கிலோ. எங்கள் சீட்டில் இருந்ததோ 3,415. ஒவ்வொரு டயரும் 580 கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமந்துகொண்டு வெயிலில் ஓடுகிறது. எத்தனை பட்டை ஏற்றினாலும் இந்த எண் மாறாது.

"அப்போ இப்படியே தேஞ்சிக்கிட்டே ஓட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஏனென்றால் அவன் வண்டி காலியாக இருக்கும்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. அதைச் சரிசெய்வது வேறு, தூக்குவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் பட்டறைக்குப் போகிறார்கள்.

டேப் எடுத்துச் சமதளத்தில் நிறுத்தி அளந்தோம். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இடது பக்கத்தைவிட வலது பக்கம் ஒன்றரை அங்குலம் குறைவு. ஓட்டுநர் உட்காரும் பக்கம் கொஞ்சம் இறங்குவது சகஜம். ஒன்றரை அங்குலம் சகஜம் அல்ல.

திண்டிவனம் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனேன். வயதான ஆசாரி, பேச்சு குறைவு. கட்டைக் கழற்றிக் கீழே வைத்துப் பிரித்தார். வலது பக்கத்தில் மூன்றாவது பட்டை கிளிப்புக்கு அடியில் ஒடிந்து கிடந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒடிந்த இடம் பாதி துருப்பிடித்தும் பாதி பளபளப்பாகவும் இருந்தது. முதலில் ஒரு கீறல், பல மாதம் அதில் துரு, கடைசியில் ஒருநாள் மிச்சமும் போனது. பணிமனையில் இதை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். புஷ்கள் நசுங்கி முட்டை வடிவத்தில் இருந்தன. சென்டர் போல்ட் நடுவில் தேய்ந்து இடுப்பு மாதிரி மெலிந்திருந்தது. அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நழுவி, வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும்.

மருமகன் ஆசாரியிடம் தூக்குவதைப் பற்றிக் கேட்டான். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "தூக்கலாம் தம்பி. பட்டையத் தூக்கினா அடுத்து அச்சு ஒடியும். அச்சு மாத்தினா சேஸிஸ்ல விரிசல் வரும். நான் பாக்கறதுதான். எனக்கு வேலதான், கூலி வரும்."

அதே மாதிரி மூன்று வண்டிகள் பட்டறை ஓரத்தில் நின்றன. ஒன்றில் பட்டை சேஸிஸோடு சேர்கிற ஹேங்கர் பக்கத்தில் வெல்டிங் மேல் வெல்டிங். பட்டை வளைந்து வாங்க வேண்டிய அதிர்ச்சியை வளையாமல் மேலே அனுப்பினால் அது அடுத்த இடத்தில் போய்த்தானே இறங்கும்.

காலியாக ஓடும்போது என்ன ஆகும் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். லோடு இல்லாமல் திரும்புகிற நேரமே பாதி நேரம். விறைத்த பட்டையில் காலி வண்டியின் பின்பக்கம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்கு ரோட்டில் பிடிப்பு இல்லை, மழையில் சொல்லவே வேண்டாம். சில பிக்கப்களில் பின் அச்சிலிருந்து பிரேக் வால்வுக்கு ஒரு சிறு கம்பி போகும். வண்டி அமுங்கினால் பாரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்து நின்றால் காலி என்று குறைக்கும். கட்டை வைத்துத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைக் கவனிக்காமல் விட்டால், முழுப் பாரத்திலும் வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். மூன்று டன்னில் பிரேக் வேண்டிய நேரத்தில் பாதி பிரேக்தான் கிடைக்கும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மேலே கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. அதிகப்படிச் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். அபராதத்தைவிட எனக்கு இன்ஷூரன்ஸ்தான் பயம். விபத்து என்று வந்து, வண்டியை மாற்றியிருக்கிறார்கள், அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டால், கோர்ட்டுக்கு அலைவது தங்கையும் நானும்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்ன பதில் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

"மாமா, நீங்க சம்பளத்துல இருந்தீங்க. பஸ்ஸுல எத்தன பேர் ஏறினாலும் ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துச்சு. எனக்கு மூட்டைக்கு முப்பது ரூபா. இருபது மூட்டன்னா அறுநூறு. முப்பத்தஞ்சுன்னா ஆயிரத்து அம்பது. டீசல் ஒண்ணேதான்."

அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நடைக்கு 450 ரூபாய் என்பது தவணை கட்டுகிறவனுக்குச் சின்னத் தொகை அல்ல. நானும் அவனும் ஒரு நோட்டில் கணக்குப் போட்டோம். இரண்டு வருடத்தில் அவன் மாற்றிய டயர்கள், இரண்டு தரம் போன ஹப் பேரிங், ஒருமுறை கிளட்ச், வண்டி நின்றுபோன நாட்களின் வருமானம். எல்லாவற்றையும் கழித்தால் அந்த 450-இல் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் நிற்கிறது. அதை நான் மறைக்கவில்லை. அதிக பாரம் நஷ்டம் என்று சொல்லிவிடுவது சுலபம், எல்லாருக்கும் நஷ்டமாக இருந்தால் ஒருவரும் ஏற்ற மாட்டார்களே. லாபத்தில் ஒரு பங்கு வியாபாரிக்குப் போகிறது, ஆபத்து முழுவதும் ஓட்டுகிறவனிடம் நிற்கிறது. அந்தப் பங்கீடுதான் என் கண்ணில் படுகிற அநியாயம்.

முடிவு வேறொரு இடத்திலிருந்து வந்தது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அன்றைக்கு ராத்திரி பிக்கப்பில் ஆள் ஏற்றிப் போவது பலருக்கு வருமானம். மருமகனும் போவான். நின்றபடி 30 பேர், குழந்தைகள் தனி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே குற்றம் என்பது இருக்கட்டும். நெல் மூட்டை கீழே கிடக்கும், அசையாது. மனிதர்களின் பாரம் உயரத்தில் இருக்கும், வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அதற்கும் மேலே இரண்டு அங்குலம் தூக்கி, வளையாத பட்டையும் போட்டால், வண்டி சாய்வதற்கு முன்னால் கொடுக்கிற சின்ன எச்சரிக்கை கூடக் கிடைக்காது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை அடுப்படியில் இருந்து கேட்ட தங்கை வெளியே வந்தாள். "அண்ணா, நானும் போன அமாவாசைக்கு அதுலதான் நின்னுக்கினு போனேன்" என்றாள். பிறகு மகனைப் பார்த்து, "மூட்டை உன் இஷ்டம். ஆள் ஏத்தாதே. அந்தப் பாவம் வேணாம்" என்றாள். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த அமாவாசைக்கு வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. அதற்கடுத்த அமாவாசைக்கும்.

வண்டியைத் தூக்கவில்லை. இரண்டு பக்கமும் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே புதுக் கட்டு போட்டோம். ஒரு பக்கம் மட்டும் ஒடிந்திருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுசும் பழசும் சேர்ந்து வண்டியைச் சாய்க்கும். புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதுசு. யூ போல்ட்டை முதல் லோடு அடித்துவிட்டு வந்த பிறகு இன்னொரு முறை இறுக்க வேண்டும் என்பதையும் ஆசாரி சொன்னார், சரிதான். புதுப் பட்டைகள் முதலில் கொஞ்சம் படிந்து உட்காரும், நட்டு தளரும். வேலை முடிந்து அளந்தால் வலது பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது, இடது பக்கம் முக்கால் அங்குலம். மருமகன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தூக்கினா மாதிரிதான் இருக்கு" என்றான்.

அடுத்த நாள் 20 மூட்டையைக் கேபினை ஒட்டி முன்னால் தள்ளி அடுக்கி எடை மேடைக்குப் போனோம். மொத்தம் 3,220. முன் அச்சில் 1,020, பின் அச்சில் 2,200. டயர் தாங்குகிற 2,240-க்கு உள்ளே. மேடைக்காரர் இந்தத் தடவை அவராகவே, "முன் சக்கரம் மட்டும் போடணுமா சார்?" என்று கேட்டார்.

இப்போது அவன் 20 மூட்டைதான் ஏற்றுகிறான் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். 35 ஏற்றச் சொன்ன வியாபாரி வேறு வண்டிக்குப் போய்விட்டார். ஒரு மாதம் அவன் கஷ்டப்பட்டான், தவணைக்கு என் பென்ஷனில் கொஞ்சம் கொடுத்தேன். இப்போது பந்தல் சாமான், முட்டை அட்டை, காலி பிளாஸ்டிக் கூடை என்று இடம் அடைக்கிற, எடை இல்லாத சரக்காகத் தேடிப் பிடிக்கிறான். அறுவடை நாட்களில் 22, 23 மூட்டை போகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்கு எங்களுக்குள் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும், வண்டி வைத்திருக்கிற பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்றால் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் ஒரு டேப்பும் ஒரு எடைச் சீட்டும் எடுங்கள். காலி வண்டியில் இரண்டு பக்கமும் அளவு சமமாக இல்லை என்றால் பட்டையில் ஏதோ ஒடிந்திருக்கிறது, மாற்றுங்கள். அளவு சரியாக இருந்து, லோடு ஏற்றினால் மட்டும் அமுங்குகிறது என்றால் பட்டையில் குறை இல்லை. டயரில் இருக்கிற எண்ணைப் பாருங்கள், முன் சக்கரத்தை மட்டும் தனியாக ஒரு தடவை எடை போடுங்கள். எடை மேடையில் அதற்கு இன்னொரு சீட்டுக் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

கழற்றிய பழைய பட்டைகளை ஆசாரி இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார். அரிவாளுக்கும் கொத்துக்கும் அதைவிட நல்ல இரும்பு கிடையாது. ஒடிந்த அந்த மூன்றாவது பட்டையில் பெரிய துண்டை மட்டும் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். மல்லாட்டை களை கொத்த ஒரு களைக்கொத்து அடித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.